கடலுக்கு மை ஊத்துறவர்

இல்ல தம்பி, நான் என்ன கேக்குறேன்னா, ஒரு மனுஷன் கடைக்குப் போனமா, புது மை டப்பா ஒண்ணு வாங்குனமா, பிரிண்டர்ல மாட்டுனமான்னு இருந்தா என்ன கொறஞ்சா போயிடும்? ஊர்ல அத்தனை பேரும் அப்படித்தானே செய்றாங்க? இவரு மட்டும் காலி டப்பாவுக்கு ஊசி போடுவாராம்! உள்ள மை ஏத்துவாராம்! ஏத்தி ஏத்தி, கடைசியில பாருங்க, அவரே உள்ள படுத்திருக்காரு. மூக்கு வாயெல்லாம் மூடி ஆக்ஸிஜன் மாட்டி, நெஞ்சு மேல ஒயரு ஒயரா ஒட்டி... ஐயோ, அந்தக் கதவு தொறந்துச்சுன்னா சொல்லுங்க தம்பி. எனக்கு இந்தக் கண்ணாடியில தூரத்துல இருக்கறது தெரியாது. இது படிக்கிற கண்ணாடி. அவசரத்துல இதுதான் கையில வந்துச்சு.

என்ன, மையாலயா? இல்லல்ல! மையால இல்ல தம்பி, நெஞ்சு. நெஞ்சுலதான் ஏதோ ஆயிடுச்சு. மையை விட்டு ரொம்ப நாளாச்சு. விட்டதுனாலதான் நெஞ்சு இப்படி ஆயிடுச்சோன்னு எனக்குப் பயம். விட வெச்சது நான்ல? புடுங்கி எறிஞ்சவ நான்ல? அதைத்தான் சொல்ல வந்தேன், எங்கயோ போயிட்டேன்.

நீங்க காலை நல்லா நீட்டிக்கங்க. சுளுக்கா? படிக்கட்டுலயா? ஆமா, பன்னு மாதிரி வீங்கித்தான் இருக்கு. எக்ஸ்ரேக்குக் கூப்புடுற வரைக்கும் ஆட்டாதீங்க. எந்திரிச்சு கிந்திரிச்சுப் போயிடாதீங்க, சொல்லிட்டேன்.

எங்க வீட்டுக்காரரு பூகோள வாத்தியாரு. நல்ல வாத்தியாரு, அதுல ஒண்ணும் கொறை சொல்ல முடியாது. ஆனா பூகோளம்னா மேப்பு இருக்கும். மேப்புன்னா கடல் இருக்கும். கல்யாணம் ஆகுற வரைக்கும் உலகத்துல இவ்வளவு கடல் இருக்குன்னு எனக்குத் தெரியாது தம்பி! முக்கால்வாசி கடலாமே! அந்த முக்கால்வாசியும் எங்க வீட்டு ஹால்ல இருக்கற பிரிண்டருக்குள்ளேர்ந்துதான் வந்தாகணும். பள்ளிக்கூடத்துல கறுப்பு வெள்ளையில அடிச்சுக் குடுக்கறோம்னுதான் சொல்றாங்க. இவருக்கு அது ஆகாது. "கடலை நீலமாப் பாக்காத புள்ளைக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?"னு கேப்பாரு. அட, கடலைப் பாக்கணும்னா பஸ் ஏறிப் போயிப் பாத்துட்டு வரட்டும். இவரு சம்பளத்துலேர்ந்துதான் பாக்கணுமா?

சரி, அடிச்சுக் குடுக்கட்டும். நீலம் தீந்து போச்சு. அது தீரத்தானே செய்யும்? மஞ்சள் அப்படியே இருக்கு. பாலைவனம் எவ்வளவு இருந்துடப் போவுது! ரோஸு எதுக்குன்னே தெரியல, அதுவும் அப்படியே இருக்கு. ஆனா இந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணி வெச்சிருக்கான்னா, மூணு கலரையும் ஒரே டப்பாவுல அடைச்சு வெச்சிருக்கான். கார்ட்ரிட்ஜாம் அதுக்குப் பேரு, எனக்கு வாயில நொழையாது, டப்பான்னே சொல்றேன். நீலம் தீந்தா மிச்ச ரெண்டையும் சேத்துத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமாம். அந்த ஒரு விஷயத்துல அவரு பேசுறது நியாயம்தான், நானே ஒத்துக்குவேன். வீட்டுல உப்பு தீந்து போச்சுன்னா சக்கரையையும் மொளகையும் சேத்தா கொட்டுவோம்? அதுவும் புது டப்பா வெலையைக் கேட்டீங்கன்னா, பிரிண்டரே அந்த வெலைக்கு வாங்கிடலாம் போல இருக்கு. கடைக்காரன் அதைச் சொல்லும்போது மூஞ்சியில ஒரு சிரிப்பு வேற.

அந்த நேரம் பாத்துதான் என் தம்பி வந்து சேந்தான்.

கூடப் பொறந்தவன்தான், என்ன பண்றது. ஒரு வேலையை உருப்படியா முடிச்சதா சரித்திரம் இல்ல. ஆனா உலகத்துல இருக்கற எல்லா வேலைக்கும் அவன்கிட்ட ஒரு யோசனை இருக்கும். சோபாவுல சாஞ்சுக்கிட்டு, "என்ன மாமா, புது டப்பா வாங்கவா போறீங்க? மடத்தனம் மாமா! ஒரு பாட்டில் மை, ஒரு ஊசி, அவ்வளவுதான் விஷயம்"னான். எங்க வீட்டுக்காரரு என் பேச்சை ஒரு நாளு கேட்டதில்ல. என் தம்பி பேச்சைக் கேட்டாரு.

சும்மா சொல்லக் கூடாது தம்பி. மொத தடவை நல்லாத்தான் வந்துச்சு. டப்பா மேல ஒட்டியிருந்த தாளை உரிச்சாங்க, அடியில குட்டி குட்டியா ஓட்டை. அதுல ஊசியை விட்டு, கொழந்தைக்கு மருந்து குடுக்கற மாதிரி மெதுவா... மெதுவா... எனக்கே மூச்சு நின்னு போச்சுன்னா பாத்துக்கங்க. அப்புறம் பிரிண்டர்ல மாட்டுனதும், சர்ரு சர்ருன்னு ஒரு கடல் வந்துச்சு பாருங்க! அடேயப்பா! அப்படி ஒரு நீலம்! ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. நான்கூடக் கை தட்டுனேன். அதான் நான் பண்ண மொத தப்பு.

ரெண்டாவது தடவையும் பரவால்ல. மூணாவது தடவைதான் ஆரம்பிச்சுது. மை முட்ட முட்ட இருக்கு, பிரிண்டரு "காலி"ங்குது. இவரு டப்பாவை வெளிய எடுத்து அதுகிட்டயே காட்டுறாரு. "பாரு, நல்லாப் பாரு, ரொம்பி இருக்கா இல்லையா?"ங்கிறாரு. மறுபடி மாட்டுனா, மறுபடி "காலி". ஒரு பெட்டிகூட நின்னு வாய்ச்சண்டை போடுற ஆம்பளையை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்திருக்கேன். சாயங்காலம் முழுக்கப் பாத்தேன். கடைசியில கோவத்துல ஒரு தட்டு தட்டுனாரு, வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சு. அதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் தட்டுறதுதான். ஃப்ரிட்ஜையும் தட்டுறாரு.

அப்புறம் ஒரு நாளு ஓட்டை மாறிப் போச்சு. நீலத்துக்கான ஓட்டையில ரோஸை ஏத்திட்டாரு. கடல் எல்லாம் ரோஸ் கலர்ல வருது! ரோஸ்னா ரோஸு, பொண்ணுங்க நகப்பூச்சு மாதிரி. தாளை வீணாக்க மனசு வரல. அதையே கொண்டுபோயி, "கலரைப் பாக்காதீங்க, வடிவத்தைப் பாருங்க"ன்னு பசங்ககிட்ட குடுத்துட்டாரு. பரீட்சையில பாதிப் பேரு, "பெருங்கடல்கள் பெரும்பாலும் ரோஜா நிறத்தில் காணப்படும்"னு எழுதி வெச்சிருக்கானுங்க! இவரு மார்க்கு போட்டாராம். ஏங்கன்னு கேட்டா, "நான் குடுத்த மேப்பைப் பாத்துத்தானே எழுதுனான், அவன் மேல என்ன தப்பு?"ங்கிறாரு. அதுவும் நியாயம்தான். அவரு பேசுறது எல்லாமே நியாயமாத்தான் தம்பி இருக்கும். வீடுதான் நாறிப் போவும்.

கதவு ஏதும் தொறந்துச்சா? இல்லையா? சரி.

நாங்க சேத்து வெச்சது என்னங்கறீங்க? புது டப்பா வாங்காம மிச்சம் புடிச்சோம், வாஸ்தவம். போனது என்ன? மூணு சட்டை... இல்ல, பனியனைச் சேக்கல. ஜன்னல் திரை. கை கழுவுற தொட்டி, தேச்சுத் தேச்சு என் வெரல் தேஞ்சதுதான் மிச்சம். சோத்துக் கரண்டி, அதால எதைக் கலக்குனாருன்னு நான் கேக்கல. மேல் வீட்டு வெள்ளைப் பூனை. ஐயோ, சாவல தம்பி! நல்லாத்தான் இருக்கு. வாலு மட்டும் நீலம். அது என்னைப் பாத்தா இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவுது.

இதுல மருந்துக் கடைக்காரம்மா வேற. இவரு போயிப் போயி ஊசியா வாங்குறாருல்ல, அவங்க கவனிச்சிருக்காங்க. ஒரு நாளு நான் தலைவலி மாத்திரை வாங்கப் போனேன். அந்தம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணியோட, "மனசைத் தளர விடாதீங்கக்கா. இதை விட வெக்கறதுக்கு இப்ப நல்ல எடமெல்லாம் வந்திருக்கு. உள்ள வெச்சு, பேசிப் பேசியே மாத்திடுவாங்க"ங்கிறாங்க! எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. பிரிண்டரை விட வெக்கறதுக்கெல்லாமா எடம் வந்திருக்குன்னு ஆச்சரியமாப் போச்சு. அட்ரஸுகூட வாங்கிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து தாளைப் பிரிச்சுப் பாத்தாத்தான்... போதைப் பழக்கம்! எங்க வீட்டுக்காரருக்கு! டீயே அரை டம்ளருதான் குடிப்பாரு அந்த மனுஷன்!

சிரிக்கிறீங்க. சிரிங்க. நான் அன்னிக்குச் சிரிக்கல.

அதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன் தம்பி. சம்பந்தி வந்த அன்னிக்குத்தான் தாங்க முடியல. எங்க மவளைக் கட்டிக்கப் போற பையனோட அப்பா, அம்மா. மொத தடவையா வீட்டுக்கு வர்றாங்க. நான் வீட்டைக் கண்ணாடி மாதிரி தொடைச்சு வெச்சிருக்கேன். இவரை, "இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பெட்டிகிட்ட போவாதீங்க"ன்னு கெஞ்சி வெச்சிருக்கேன். காலிங் பெல் அடிக்குது. கதவைத் தொறக்குறேன். பின்னாடியிலேர்ந்து இவரு ஓடியாறாரு, "வாங்க வாங்க"ன்னு. ஓடியாந்து அந்தப் பெரியவர் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக் குலுக்குறாரு. விடவே மாட்டேங்கறாரு, அவ்வளவு பாசம்!

அந்தப் பெரியவருக்கு நல்லா வேர்க்கும் போல. உக்காந்தாரு, அதே கையால நெத்தியைத் தொடச்சாரு. ஒரு நீலக் கோடு. மூக்கைத் தொடச்சாரு. ஒரு நீலப் பொட்டு. பையனுக்குக் கொழந்தையில அம்மை போட்டதைச் சொல்லிக்கிட்டே கன்னத்தைத் தடவுனாரு. என் மவ என்னைப் பாக்குறா, நான் இவரைப் பாக்குறேன், இவரு மேல சுத்துற ஃபேனைப் பாக்குறாரு. யாருதான் சொல்றது? எப்படித்தான் சொல்றது? அந்தம்மா புருஷனைப் பாத்துட்டு ஒரு தடவை வாயைத் தொறந்தாங்க, அப்புறம் மரியாதைக்கு மூடிக்கிட்டாங்க. இந்த வீட்டுல இதுதான் பழக்கமோன்னு நெனச்சுட்டாங்களோ என்னமோ! சாயங்காலம் முழுக்க அந்த மனுஷன் நீல மூஞ்சியோடயே உக்காந்து, என் மவகிட்ட "குடும்பத்துக்கு நல்ல பேருதாம்மா முக்கியம்"னு பேசிட்டுப் போனாரு. வீட்டுக்குப் போயிக் கண்ணாடி பாத்திருப்பாருல்ல? ரெண்டு நாளா போனே வரல. என் மவ ரூமை விட்டு வெளிய வரல.

கல்யாணமா? அது நிக்கல, நிக்கல. அப்புறம் அவரே போன் பண்ணி, விழுந்து விழுந்து சிரிச்சாரு. தங்கமான மனுஷங்க. ஆனா அந்த ரெண்டு நாளு நான் பட்ட பாடு!

அன்னிக்குத்தான் சொன்னேன். "இந்த வீட்டுல ஒண்ணு அந்த ஊசி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்." அப்புறம் என் தலையில கை வெச்சுச் சத்தியம் பண்றேன்னு கிட்ட வந்தாரு. கையைப் பாத்தேன். "அங்கயே நின்னு பண்ணுங்க"ன்னேன். பண்ணாரு. ஊசி, பாட்டிலு, கையுறை, பஞ்சு, எல்லாத்தையும் ஒரு பையில கட்டி, நானே எடுத்துட்டுப் போயிக் குப்பை வண்டியில போட்டுட்டு, வண்டி தெருமுனை திரும்புற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் என்ன, வீடு சுத்தமாச்சு. ரொம்பச் சுத்தமாச்சு. அவரு பேச்சும் கொறஞ்சு போச்சு தம்பி. முன்னல்லாம் ஹால்லேர்ந்து "ஏம்மா, இங்க வந்து இந்த வளைகுடாவைப் பாரேன்!"னு ஒரு சத்தம் வரும். எனக்கு எரிச்சலா வரும். அது நின்னு போச்சு. ஒரு நாளு சமையக்கட்டுக்குள்ள போறேன், மேசையில உக்காந்திருக்காரு. முன்னாடி கறுப்பு வெள்ளை மேப்பு ஒரு கட்டு. கையில ஒரு நீலக் கலர் பென்சிலு. ஒவ்வொரு புள்ளைக்கா, ஒவ்வொரு தாளா, கடலுக்குக் கலரடிச்சுக்கிட்டு இருக்காரு. மணிக்கட்டை ஒதறிக்கறாரு, மறுபடி அடிக்கிறாரு. நான் பாத்தும் பாக்காத மாதிரி தண்ணியைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

ஏன் அப்படி வந்தேன்? "சரிங்க, புது டப்பாவே வாங்கிக்கங்க, நான் வேற எதுலயாவது மிச்சம் புடிச்சுக்கறேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வீம்பு. அதை மனசுல வெச்சு வெச்சுத்தான் அந்த மனுஷனுக்கு நெஞ்சு... இருங்க, மூக்கைச் சிந்திக்கறேன்.

இன்னிக்கு நான் தையக்காரம்மாகிட்ட போயிட்டு வர்றேன். கதவைத் தொறந்தா ஆளைக் காணோம். குளியலறையில தண்ணி கொட்டுற சத்தம். "என்னங்க?"ங்கிறேன், பதிலே இல்ல. தட்டுறேன், தொறக்கல. இன்னும் பலமாத் தட்டுனேன். மெதுவாத் தொறக்குறாரு... ஒதடு நீலம் தம்பி. அப்படியே நீலம். நகக்கண்ணு நீலம், வெரல் நுனி நீலம். மூஞ்சி வெளுத்துப் போயி, நெத்தியெல்லாம் வேர்வை. வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாரு, என் கண்ணையே பாக்க மாட்டேங்கறாரு. எங்கப்பா கடைசியில கெடந்தப்ப அவருக்கும் ஒதடு இப்படித்தான் நீலமாச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். அது என்னன்னு எனக்குத் தெரியும்.

என்ன தம்பி? ஊடால ஊடால என்னமோ சொல்ல வர்றீங்க! மையா இருக்கும்ங்கிறீங்களா? நான்தான் குப்பை வண்டியில போட்டேன்னு சொல்றேன்ல! முழுசாக் கேளுங்க.

போட்டேன் ஒரு சத்தம். மேல் வீட்டுக்காரரு டாக்ஸி ஓட்டறவரு, அப்படியே கைலியோட எறங்கி ஓடியாந்தாரு. ரெண்டு பேருமாப் புடிச்சு வண்டியில படுக்க வெச்சோம். அந்த நெலமையிலயும் இவரு தலையைத் தலையை ஆட்டுறாரு, என் கையைப் புடிச்சு என்னமோ சொல்ல வர்றாரு. "பேசாதீங்க! மூச்சை வீணாக்காதீங்க!"ன்னு வாயைப் பொத்திட்டேன். பொத்துன கையைத் தள்ளிட்டு மறுபடி வாயைத் தொறந்தாரு பாருங்க, பல்லு நீலம்! நாக்கு நீலம்! உள்ள வரைக்கும் ஏறிடுச்சுன்னு நெனச்சேன், அதோட எனக்குப் பாதி உயிரு போச்சு. இங்க வந்ததும் கதவுலயே நின்னு கத்துனேன், "என் வீட்டுக்காரரு நீலமாயிட்டாரு, நீலமாயிட்டாரு"ன்னு. பாவம், நாலு பேரு தள்ளுவண்டியோட ஓடியாந்தாங்க. டாக்டரு அவரை ஏதோ கேட்டாரு. நான்தான் பதில் சொன்னேன். அவரால பேச முடியலைல?

இப்ப சொல்றேன் தம்பி, நீங்களே சாட்சி. அவரு மட்டும் எந்திரிச்சு வரட்டும். நானே போயி ஊசி வாங்கிக் குடுக்கறேன். மருந்துக் கடைக்காரம்மா என்ன நெனச்சாலும் நெனச்சுட்டுப் போறாங்க. ஹாலு முழுக்க மையாகட்டும், சோபாவை நீலமாக்கட்டும், என்னையே புடிச்சு நீலமாக்கட்டும். ஆளு இருந்தாப் போதும். வெறும் சுத்தமான வீட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன...

கதவா? தொறந்துச்சா? யாரு, நர்ஸம்மாவா? எனக்குத் தெரியல, இங்கதான் வர்றாங்களா?

நர்ஸம்மா! எப்படிம்மா இருக்காரு? மறைக்காமச் சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்குவேன். எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஒதடு... என்னது? நல்லா இருக்காரா? ஈசிஜி நல்லா இருக்கா? அப்ப ஒதடு? நான் உங்களைப் பேச விடலையா? சரி, பேசுங்க, நான் வாயே தொறக்கல. ஸ்பிரிட்டு வெச்சுத் தொடச்சீங்களா? எதை? இது என்ன கையில, பஞ்சா? கிட்டக் காட்டுங்க... நீலமா இருக்கு.

பஞ்சு ஏம்மா நீலமா இருக்கு?

...

தம்பி. அந்தச் சேரைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க, நான் உக்காந்துக்கறேன்.

மையாம்.

சிரிக்காதீங்க. நீங்க அப்பவே சொன்னீங்கதான், சொன்னீங்கதான், யாரு இல்லைன்னது? எனக்கு அழுகையா வருதா சிரிப்பா வருதான்னே தெரியல. இருங்க. ரெண்டும் வருது. அப்பாடா. கடவுளே, மையாம்! வெறும் மையாம்! நல்ல வேளை... நல்ல வேளை...

வர்றாரா? எங்க? ஓ, அதோ. நடந்தே வர்றாரு. சட்டை பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு... வாங்க. வாங்க சார். கிட்ட வாங்க. கையைக் குடுங்க. சூடாத்தான் இருக்கு. நெஞ்சு வலிக்கலையே? தலை சுத்தலையே? படபடப்பு? ஒண்ணுமில்லையே? நிச்சயமா ஒண்ணுமில்லையே?

நல்லது. இப்ப உக்காருங்க, கேக்குறேன். ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா?

நாளைக்குப் பரீட்சையாம் தம்பி. மேப்பு கேள்வியாம். அத்தனை புள்ளைங்களுக்கும் பென்சில்ல கலரடிக்கக் கை வரலையாம். அதுக்கு? ஒரு பாட்டிலை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? ஷூவுக்குள்ளயா! ஊசியோடயா! நீலம் மட்டுமா? ஆமா, மத்தது எதுக்கு உங்களுக்கு. சரி, ஏத்துனீங்க. வாய்க்குள்ள எப்படிப் போச்சு? என்னது... டப்பாவோட ஓட்டை காஞ்சு அடைச்சுக்கிச்சா... அதுனால வாயை வெச்சு உறிஞ்சுனீங்களா! ஏங்க, எளநியா அது? யாரு சொன்னா இப்படிப் பண்ணச் சொல்லி? போன்லயா? என் தம்பியா சொன்னான்? வரட்டும். சோபாவுல சாய வரட்டும் அவன்.

ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்தத் தள்ளுவண்டியில படுத்து, ஆக்ஸிஜன் மாட்டி, நெஞ்சுல ஒயரை ஒட்டி, கையில ஊசி குத்தி ரத்தம் எடுக்குற வரைக்கும் சும்மா படுத்திருந்தீங்களே! மைதான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கேட்டீங்களா தம்பி? நான் சொல்ல விடலையாம்! வீட்டுலேர்ந்து சொல்லிக்கிட்டே வந்தாராம், நான் வாயைப் பொத்திக்கிட்டே வந்தேனாம்! டாக்டரு இவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேனாம்! அப்புறம் ஆக்ஸிஜனை மாட்டிட்டாங்களாம், எங்க பேசுறதாம்! இந்த உலகத்துல என்னை மாதிரி பொறுமையாக் கேக்குறவ யாரு இருக்கா? நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நேரமா உங்ககூட உக்காந்திருக்கேன், உங்களை நான் பேச விடாம பண்ணேனா?

சொல்லுங்க. நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. ஒரு பொது மனுஷனா எனக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிடுங்க. காலி டப்பாவுல மையேத்துறது பிரயோஜனமா, இல்லையா? சட்டை போச்சு, திரை போச்சு, பூனை வாலு போச்சு, சம்பந்தி மூஞ்சி போச்சு, இன்னிக்கு என் உயிரே போயிட்டு வந்துச்சு. ஒரு பக்கம் இவ்வளவு. இன்னொரு பக்கம் என்ன? கொஞ்சம் மிச்சம், கொஞ்சம் கடல். எதுங்க பெருசு? சொல்லுங்க தம்பி, நீங்க சொல்றதுதான் தீர்ப்பு, நானும் ஒத்துக்கறேன், அவரும் ஒத்துக்கு...

தம்பி? எங்க போனீங்க?

அந்தக் காலை வெச்சுக்கிட்டு எதுக்கு அந்தப் பக்கம் நொண்டுறீங்க? என்னங்க, இந்தத் தம்பி உங்ககிட்ட என்ன கேக்குறாரு? ஏன் ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுறீங்க? அது என்ன, உள்ளங்கையில எழுதிக்கறாரு...

அவரு வீட்டுலயும் பிரிண்டர் இருக்காமா? நீலம் தீந்து போச்சாமா? எந்த மை நல்லா இருக்கும்னு கேக்குறாரா!

இவ்வளவு நேரம் தொண்டை தண்ணி வத்த நான் சொன்னதெல்லாம்... அட! நல்லா இருக்கே கதை!

ஏங்க, அவருக்கு எந்தக் கடையைச் சொல்றீங்க? மாடிப்படி ஏறிப் போற கடையா? வேணாம் தம்பி, அவன்கிட்ட வாங்காதீங்க, தண்ணி கலந்து குடுப்பான். இவருக்கு ஒண்ணும் தெரியாது. சந்து முனையில ஒரு பைண்டிங் கடை இருக்கு, அங்க வாங்குங்க. அவன் மைதான் மையி. போட்டா நின்னு பேசும். இவரு உறிஞ்சுனதும் அவன் மைதான், சந்தேகம் இருந்தா கிட்ட வந்து இவரு ஒதட்டைப் பாருங்க, பாட்டில் ஸ்பிரிட்டு காலி பண்ணியிருக்காங்க... எங்கயாவது வெளுத்திருக்கா?